எறும்பு கொடுத்த பெயர்

பால்மரக் காட்டில் வளர்ந்த நம்மவர்க்கு ஒரு வாடை மறக்கவே மறக்காது. காலையில் வெட்டிச் சேர்த்த பாலை ஆலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, அளவாக ஆசிட் விடுவார்கள். மூக்கில் சுருக்கென்று ஏறும். பாலும் தயிரைப்போல் உறைந்துவிடும். அந்த ஆசிட்டின் பெயர் என்ன? ஆங்கிலத்தில் 'பார்மிக் ஆசிட்'. மலாய்ப் பாடநூலில் 'அசிட் போர்மிக்'. தமிழ்ப் பாடநூலில் 'பார்மிக் அமிலம்'. மூன்று மொழியிலும் அந்தப் 'பார்மிக்' எப்படி வந்து உட்கார்ந்தது?

பழைய ரோமானியர்கள் பேசிய இலத்தீன் மொழியில் 'பார்மிக்கா' என்றால் எறும்பு. 1671ஆம் ஆண்டில் ஜான் ரே என்னும் ஆங்கில இயற்கை அறிஞர், எறும்புகளை வாலையிலிட்டு வடித்தால் ஒரு புளிப்பு நீர் கிடைப்பதைப் பற்றி எழுதினார். எறும்பிலிருந்து வந்த புளிப்பு ஆதலால் அது பிற்காலத்தில் பார்மிக் ஆசிட் ஆயிற்று. 'ஆசிட்' என்பதும் புளிப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் பிறந்ததே. மரத்தில் கூடு கட்டும் முசுறு கடித்த இடத்தில் எரிகிறதே, அதற்குக் காரணமும் இந்தப் புளிப்பு நீர்தான். ஜெர்மானியர் இலத்தீன் சொல்லை அப்படியே எடுக்காமல், தம் மொழியிலேயே 'எறும்புப் புளிப்பு' என்று பெயரிட்டுக்கொண்டனர். ஒலி மாறியது, எறும்பு மாறவில்லை.

சரி, இலத்தீனுக்கு இந்த இடம் எப்படிக் கிடைத்தது? ரோமப் பேரரசு மறைந்து பல நூற்றாண்டுகள் சென்ற பின்னும், ஐரோப்பிய அறிஞர்கள் இலத்தீனிலேயே எழுதி வந்தார்கள். ஆங்கிலேயரான நியூட்டன் 1687இல் தம் பெருநூலை இலத்தீனில்தான் வெளியிட்டார். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் செடிகொடிகளுக்கு இலத்தீன் முறையில் இரட்டைப் பெயர் வைத்தார். நம் பால்மரத்தின் பெயர் 'ஹெவியா பிரேசிலியென்சிஸ்'. முதற்பகுதி தென் அமெரிக்கப் பழங்குடியினர் வழங்கிய பெயரிலிருந்து வந்தது. இரண்டாம் பகுதிக்குப் பொருள், பிரேசில் நாட்டது. இலத்தீன் எந்த நாட்டாருக்கும் தாய்மொழியாக இல்லாதிருந்ததே ஒரு வசதியாயிற்று. ஒருவர் மொழிக்கு மற்றவர் பணிய வேண்டிய அவசியம் நேரவில்லை.

ஆயினும் இரசாயனப் பொருள்களின் பெயர்கள் நெடுங்காலம் ஒரே குழப்பமாக இருந்தன. ஆர்செனிக் கலந்த ஒரு கொடிய நஞ்சுக்கு 'ஆர்செனிக் வெண்ணெய்' என்று பெயர்! பெயரை நம்பினால் உயிர் போகும். இதைச் சீர்படுத்த லவாய்சியே முதலிய நான்கு பிரெஞ்சு அறிஞர்கள் 1787இல் ஒரு நூல் வெளியிட்டனர். பொருளின் தன்மையைப் பெயரே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. பழங்கிரேக்கச் சொற்களையும் இலத்தீன் சொற்களையும் இணைத்துப் பெயர் அமைத்தார்கள். 'ஹைட்ரோஜன்' என்றால் நீரைப் பிறப்பிப்பது. 'ஆக்சிஜன்' என்றால் புளிப்பைப் பிறப்பிப்பது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. புளிப்புப் பொருள் எல்லாவற்றிலும் ஆக்சிஜன் இருந்தே தீரும் என்று லவாய்சியே நம்பினார். பிரெஞ்சுப் புரட்சியில் 1794இல் அவர் தலை வெட்டப்பட்டது. 1810இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில அறிஞர், உப்பிலிருந்து எடுக்கும் கடுமையான ஆசிட் ஒன்றில் ஆக்சிஜன் இல்லவே இல்லை என்று காட்டினார். கருத்து தவறிப்போயிற்று, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது! ஜெர்மானியர் அதைப் 'புளிப்புப் பொருள்' என்று மொழிபெயர்த்தார்கள். ஜப்பானியர் பெயரும் அதே பொருளுடையது. தவறும் சேர்ந்தே கப்பலேறிவிட்டது. தமிழில் நம் முன்னோர் வைத்த 'பிராணவாயு' என்ற பெயரோ, உயிருக்கு அது செய்யும் வேலையைச் சொல்கிறது. இந்த ஒரு பெயரில் நம் பக்கமே வெற்றி எனலாம்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? பெரிய சொல் என்பது பெரிய அறிவு அன்று. அதுவும் நம்மைப்போன்ற மனிதர்கள், தமக்குத் தெரிந்த அளவில், சில சமயம் தவறாகவும் வைத்த பெயர்தான்.

பிள்ளை பள்ளிப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு சொல்லைக் காட்டும்போது, "எனக்கு என்ன தெரியும், வாத்தியாரைக் கேள்" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். நாம் வெட்கப்பட்டு ஒதுங்கினால், அந்தச் சொல் நம் வீட்டுக்கு உரியதன்று என்றே பிள்ளை எண்ணிக்கொள்ளும். அப்படி எண்ணத் தேவையில்லை. இந்தச் சொற்களைத் திறக்கச் சில சாவிகள் போதும். தேநீரைச் சூடாக வைத்திருக்கிறதே 'தெர்மாஸ்', அந்தப் பெயர் சூடு என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'மீட்டர்' என்பதன் கிரேக்க வேர்ச்சொல்லுக்கு அளவு என்று பொருள். இரண்டையும் சேர்த்தால் 'தெர்மாமீட்டர்', காய்ச்சல் பார்க்கும் கருவி. மலாயில் அதுவே 'தெர்மோமீட்டர்'. ஒரு சாவியால் மூன்று பாடநூல்கள் திறக்கின்றன. பாலுக்குச் சொல்லும் 'லேடக்ஸ்' என்பதும் நீர்மம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே. அதை நம் தாத்தா பாட்டி வாளியில் சுமந்தார்கள்.

ஆகவே, நேயர்களே, இன்றிரவு பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தை நாமே கேட்டு வாங்குவோம். ஒரு சொல்லைக் காட்டி, "இது எந்த மொழியிலிருந்து வந்தது? என்ன பொருள்?" என்று கேட்போம். விடை தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுவோம். தொடங்குவதற்கு நம்மிடம் ஓர் எறும்புக் கதையாவது இருக்கிறது.