பெட்ரோல் லாரியும் அதன் மிதவையும்

பெட்ரோலில் ஓடிய லாரிகள் நம் சாலைகளை விட்டு மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆயினும், கார்புரேட்டரின் கிண்ணம் நிரம்பி வழிந்து, இஞ்சினின் கீழே பெட்ரோல் சொட்டி, பிளக்குகள் நனைந்து, எத்தனை முறை ஹேண்டில் போட்டாலும் வண்டி கிளம்பாமல் நிற்கும் கோளாற்றை, அவற்றோடு வாழ்ந்த டிரைவர்களும் மேஸ்திரிகளும் ‘ஓவர்ஃப்ளோ’ என்ற ஒரே சொல்லில் குறித்ததை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கோளாற்றுக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதே நான் சொல்ல விரும்புவது. வெளியில் தெரியும் லட்சணம் எக்காலத்திலும் ஒன்றாகவே இருந்தாலும், அதன் காரணம் காலத்துக்குக் காலம் இடம் மாறிக்கொண்டே வந்தது. ஆகையால் லாரி எந்த வருஷத்தில் செய்யப்பட்டது என்பதை முதலில் கேட்டறிந்த மேஸ்திரிக்குப் பாதி வேலை அப்போதே முடிந்துவிட்டது.

1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வாகனத்தில், ஒரு பாத்திரத்தில் நின்ற பெட்ரோலிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்து இஞ்சினுக்குச் சென்றது. இரண்டு வருஷம் கழித்து அவருடைய மனைவி பெர்த்தா அந்த வகை வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை பிரயாணம் செய்தபோது, எரிபொருள் குழாயில் ஏற்பட்ட அடைப்பைத் தம் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார் என்பது பிரசித்தமான செய்தி. பெட்ரோல் வராமல் போவதே அந்நாளைய கவலை. அது வேண்டாத அளவுக்கு வந்துவிடும் கவலை 1893-க்குப் பின்பு உண்டானது. அவ்வருஷத்தில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும், பெட்ரோலை நுண்ணிய ஜெட் வழியாகக் காற்றில் தெளிக்கும் முறையைக் கண்டார்கள். இம்முறையில் கிண்ணத்திலுள்ள பெட்ரோலின் மட்டம் ஜெட்டின் வாய்க்குச் சற்றுக் கீழே எப்போதும் ஒரே நிலையில் நிற்க வேண்டும். ஏறினால் தானே வழியும், இறங்கினால் இஞ்சின் மூச்சுத் திணறும். நம் வீட்டு மாடித் தொட்டியில் பந்து மேலே எழுந்து தண்ணீரை அடைப்பது போல, கிண்ணத்தில் ஒரு மிதவை எழுந்து கூர்மையான ஊசி ஒன்றைத் துவாரத்தில் பொருத்திப் பெட்ரோலை நிறுத்தியது. அந்த ஊசியும் அது அமரும் இருக்கையும் அதைத் தாங்கும் மிதவையும் சேர்ந்ததே ஓவர்ஃப்ளோவின் பிறப்பிடம்.

1917-இல் ஃபோர்டு கம்பெனி வெளியிட்ட டிடி என்னும் ஒரு டன் லாரியில் பம்பு என்ற சாதனமே கிடையாது. டிரைவரின் ஆசனத்துக்கு அடியிலிருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கியது. செங்குத்தான மேட்டில் தொட்டி தாழ்ந்து போய்விடுமாதலால், பின்புறமாகவே வண்டியை ஏற்ற வேண்டிய அவசியமும் சில சமயம் நேர்ந்தது. அவ்வளவு மெல்லிய ஓட்டத்தைத் தடுக்க இலேசான ஊசியே போதும். ஆனால் அக்காலத்து மிதவை தக்கையால் ஆனது. பெட்ரோல் ஊறாதிருக்க அதன்மேல் அரக்குப் பூசியிருந்தார்கள். உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி அந்நாளில் நம் தேசத்துக் காடுகளிலிருந்தே சென்றது என்பதை நினைக்கையில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. டெட்ராய்ட்டின் லாரியில் நம் நாட்டு அரக்குப் பூச்சியின் உழைப்பும் ஒரு துளி இருந்தது. பூச்சு தேய்ந்த இடத்தில் தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து, எழ வேண்டிய உயரத்துக்கு எழாமல் போயிற்று; ஊசி அடையவில்லை; கிண்ணம் வழிந்தது. தக்கையை எடுத்து நன்றாக உலர்த்தி, மறுபடியும் அரக்குப் பூசுவதே அதற்குப் பரிகாரம்.

தொட்டி வண்டியின் பின்புறத்துக்குப் போனபோது, இஞ்சினின் உறிஞ்சு சக்தியால் பெட்ரோலை மேலே இழுத்துத் தரும் வாக்குவம் டாங்க் வந்தது. அதற்குள்ளும் ஒரு மிதவை இருந்தது; அது ஓட்டையாகி அமிழ்ந்துவிட்டால், பெட்ரோல் கார்புரேட்டரைத் தொடாமலேயே உறிஞ்சு குழாய் வழியாக நேரே இஞ்சினுக்குள் புகுந்துவிடும். கரும்புகை கக்கும் லாரியின் கார்புரேட்டரை நாலு முறை பிரித்துப் பூட்டியும் குற்றம் காணாமல் தவித்தவர்கள், குற்றவாளி வேறோர் அறையில் இருப்பதை அறியாதவர்கள்.

1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கிய காலத்தை ஒட்டி, இஞ்சினாலேயே இயங்கும் டயஃப்ரம் பம்பு வழக்கத்துக்கு வந்தது. பெட்ரோல் இப்போது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 5 பவுண்டு அழுத்தத்தோடு ஊசியை முட்டியது. மிதவையும் தக்கையிலிருந்து மெல்லிய பித்தளைத் தகட்டுக்கு மாறிற்று. இரண்டாம் உலக யுத்தத்துக்காக அமெரிக்கா செய்து குவித்த இரண்டரை டன் ஜிஎம்சி லாரிகள் மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்டவை. யுத்தம் முடிந்ததும் அத்தகைய ராணுவ வண்டிகள் ஏலத்தில் தனியார் கைக்கு வந்து, மரமும் செங்கல்லும் சுமந்தன.

அப்படி ஒரு லாரியின் கார்புரேட்டரை எங்கள் ஊர்ப் பட்டறையில் பிரித்ததை நான் சிறுவனாக அருகில் நின்று பார்த்திருக்கிறேன். மேஸ்திரி முதலில் ஸ்குரூ டிரைவரின் கட்டைப் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டினார். சொட்டுவது நின்றிருந்தால் ஊசியின் இருக்கையில் தூசி என்று அர்த்தம், நிற்கவில்லை. மூடியைக் கழற்றி, ஊசியின் கூம்பை நகத்தால் வருடினார், தேய்ந்த ஊசியில் மோதிரம் போல ஒரு வரி நகத்துக்குத் தட்டுப்படும், அதுவும் இல்லை. பிறகு மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ‘சளக்’ என்றது.

“அண்ணே, ஓட்டை ஒண்ணும் தெரியலையே?” என்றான் கிளீனர்.

“கண்ணுக்குத் தெரியாதுடா. டீக்கடையில போய்க் கொதிக்கிற தண்ணி வாங்கியா, அது காட்டும்.”

தகர டப்பாவின் வெந்நீரில் மிதவையை அமிழ்த்திப் பிடித்ததும், உள்ளிருந்த பெட்ரோல் ஆவியாகி, தையலின் ஓரத்திலிருந்து கடுகைவிடச் சிறிய குமிழிகள் வரிசையாக எழுந்தன. அந்த இடத்தை ஊசி முனையால் கீறி அடையாளம் செய்தார். எதிர்ப்புறத்தில் இன்னொரு சிறு துளை போட்டு, ஊதி ஊதி, உள்ளே ஒரு சொட்டும் வாசனையும் இல்லாதபடி வெளியேற்றிய பிறகே சால்டரிங் இரும்பை அருகே கொண்டு வரச் சம்மதித்தார். அதற்கு முன் சூடு பட்டால் மிதவை வெடித்துவிடும். ஈயம் வைத்ததும் அரத்தால் அதை ராவத் தொடங்கினார். ஒரு பொட்டு ஈயம் கூடினாலும் மிதவை கனத்து, பெட்ரோலின் மட்டம் ஏறி, அடைத்த ஓட்டையே மறுபடியும் ஓவர்ஃப்ளோவை அழைத்து வரும் என்பது அவருடைய அனுபவம். எந்தப் பொறியியல் பாடத்தையும்விட அந்த அரத்தின் ஓசை எனக்கு மட்டத்தின் சூட்சுமத்தைத் தெளிவாகச் சொல்லிற்று.

மிதவையும் ஊசியும் சரியாயிருந்தும் வழிந்தால், பம்புக்கு யாரோ கடினமான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். மலையேறி வந்து நிறுத்திய வண்டியில் மட்டும் இது நேர்ந்தால், இஞ்சின் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோலே கொதித்து வழிந்ததாகும்; பானெட்டைத் திறந்துவிட்டுப் பொறுத்திருப்பதைத் தவிர அதற்கு வேறு மருந்தில்லை. சோக் ஒட்டிக்கொண்டதாலும் பிளக் நனையும். நனைந்த இஞ்சினைக் கிளப்ப ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விடுவது பெரும் பிழை. ஒவ்வொரு மிதிக்கும் மேலும் பெட்ரோல் பீச்சும். சோக்கை விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி சுற்றினால் காற்றே அதை உலர்த்தும்.

1954-இல் டாட்டாவின் டீசல் லாரிகளும், அடுத்த வருஷத்தில் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலையின் டீசல் வண்டிகளும் வந்தபின், கார்புரேட்டர் படிப்படியாக லாரியை விட்டு நீங்கியது.

பழைய பெட்ரோல் லாரியை அன்போடு காத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தச்சர்கள் பாலிஷுக்காக அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எத்தனாலும் அந்த ஸ்பிரிட்டே. இன்று நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. தக்கை மிதவைக்கு அரக்குப் பூசாதீர்கள்.