செங்கோணத்தில் திரும்பும் சக்கரம்

லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு ஊர்ந்து போகும்போது அடியில கவனிச்சிருக்கீங்களா? பின்சக்கரங்களுக்கு நடுவுல பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்பு உருண்டை தெரியும். எஞ்சினிலிருந்து நீளவாக்கில் சுழன்று வரும் தண்டின் சுழற்சி அதுக்குள்ளேதான் 90 டிகிரி திரும்பி சக்கரங்களுக்குப் போகிறது. திருப்பிவிடுவது கூம்பு வடிவப் பல்சக்கரங்கள். மெக்கானிக் பாஷையில் கிரௌன் வீல், பினியன். புத்தகத்தில் பெவல் கியர்.

சுழற்சியை இப்படித் திருப்புவது ஒண்ணும் புதுசு இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் தண்ணீரில் ஓடும் மாவு ஆலையை விவரித்திருக்கிறார். நிமிர்ந்து சுற்றும் நீர்ச்சக்கரம், படுத்துச் சுற்றும் அரைகல், நடுவில் பற்கள். வேகம் கம்மி, அதனால் பல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மாவு அரைபட்டது.

தலைவலி ஆரம்பிச்சது இரும்புக்கும் வேகத்துக்கும் மாறினப்போதான். சாதாரணப் பல்சக்கரத்தில் பல்லின் தடிமன் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒண்ணுதான். ஒரு கட்டரை நேரா ஓட்டினா வேலை முடிஞ்சது. பெவல் கியரில் பல் வெளிப்பக்கம் பருத்தும் உள்பக்கம் சிறுத்தும் இருக்கும். பல்லின் கோடுகளையெல்லாம் நீட்டினால் கூம்பின் உச்சியில் ஒரே புள்ளியில் போய்ச் சேரணும். அளவு மாறாத கட்டரை வைத்து இதை எப்படி வெட்டுவது? தோராயமா வெட்டிட்டு, அரத்தால் ராவ வேண்டியதுதான்.

1874-ல் இதற்கு மெஷின் செய்தவர் வில்லியம் க்ளீசன். அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பட்டறை வைத்திருந்தவர். யோசனை ரொம்ப எளிமை: உளி எந்த இடத்தில் வெட்டினாலும் அந்த உச்சிப் புள்ளியைக் குறிவைத்தே நகரணும். பல்லின் வளைவை ஒரு அச்சுத் தகடு பார்த்துக்கொள்ளும்.

ஆனா நல்ல மெஷின் தானா விற்காதே! இங்கேதான் அவர் மகள் கேட் க்ளீசன் வருகிறார். 1865-ல் பிறந்தவர். அண்ணன் இறந்தபின், பன்னிரண்டு வயசு வாக்கில் அப்பாவுக்கு உதவியா பட்டறைக்குள் வந்தார். 1884-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தார். பட்டறையில் பணமுடை, திரும்பி வந்துவிட்டார். பட்டம் கடைசிவரை வாங்கவில்லை. 1893-ல் ஐரோப்பாவுக்கே போய் மெஷின் விற்றார். கம்பெனி பல கருவிகளில் சிதறாமல் பெவல் கியர் பக்கம் திரும்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நேரமும் ஒத்துழைத்தது. 1898-ல் பிரான்சில் லூயி ரெனோ, செயினுக்குப் பதில் தண்டும் பெவல் கியரும் வைத்து கார் ஓட்டிக் காட்டினார். கார்கள் பெருகப் பெருக, துல்லியமான பெவல் கியருக்கும் கிராக்கி ஏறியது.

மெஷினை உருவாக்கியதே கேட்தான் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. அவரோ அது அப்பாவுடையது என்று மறுத்தார். 1914-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முழு உறுப்பினரான முதல் பெண் அவர்தான்.

நாலு வருஷ பொறியியல் படிப்பில் கூம்புக் கோணத்துக்கு ஃபார்முலா சொல்லிக்கொடுத்தாங்க, இவங்க பேரைச் சொல்லலை. பட்டத்தை வாங்கிட்டு நான் கோட் தட்டிக்கிட்டு இருக்கேன் :-) பட்டமே வாங்காத கேட்டின் பெயரில் இன்று ராச்செஸ்டரில் ஒரு பொறியியல் கல்லூரியே இருக்கிறது.