சின்ன ஆச்சியின் பிரெஞ்சு

திருவாரூரிலிருந்து பிரெஞ்சு ராஜ்யத்துக்குப் போக ஒரு காலத்தில் கப்பல் ஏற வேண்டியதில்லை. ரயிலில் பேரளம் போய் வண்டி மாறினால் போதும். திருநள்ளாறு வந்துவிடும், அதை அடுத்துக் காரைக்கால். 1739-ம் ஆண்டு தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் அது. இரண்டு பக்கமும் அதே நெல் வயல், அதே காவிரித் தண்ணீர். கச்சேரியும் சட்டமும் மட்டுந்தான் வேறு. இந்த எல்லையைச் சர்க்கார்கள் மதித்த அளவுக்குச் சம்பந்திகள் மதிக்கவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தாராளமாக நடந்து வந்தது.

அப்படிக் கொடுக்கப்பட்டவள்தான் என் பாட்டியின் தங்கை. நாங்கள் அவளைச் சின்ன ஆச்சி என்போம். 1946-ல் கல்யாணம். மாப்பிள்ளை காரைக்கால், உத்தியோகமோ சைகோனில், சுங்க இலாகாவில்.

காரைக்கால்காரருக்குச் சைகோனில் என்ன வேலை என்று கேட்கலாம். 1859-ல் பிரெஞ்சுக்காரர் சைகோனைப் பிடித்த பிறகு, அங்கே கணக்கு எழுதவும், வரி வசூலிக்கவும், போலீஸ் வேலை பார்க்கவும் பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அத்தகையவர்கள் கிடைத்தார்கள். அவர்கள் பின்னால் துணி வியாபாரத்துக்கு மரைக்காயர்களும், வட்டிக்கடைக்குச் செட்டியார்களும் போனார்கள். சைகோனில் மாரியம்மன் கோயிலே எழும்பியது.

இதற்கிடையில் 1881 செப்டம்பரில் ஓர் ஆணை பிறந்தது. இந்தியர் தம் ஜாதி, மத வழக்கங்களின்படியான சட்டத்தைத் துறந்து, ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டால், பிரெஞ்சுச் சட்டப்படி வாழலாம் என்றது அது. இதற்காகப் பாடுபட்டவர் புதுச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல் பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்கு வந்தார் என்று தடுக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர். அவர் வைத்துக்கொண்ட புதுப் பெயர் லாபோர்த். ‘வாசற்கதவு’ என்று அர்த்தம். சைகோன் உத்தியோகங்களுக்கு அந்தக் கதவு ரொம்பப் பேருக்கு உதவியது. எங்கள் சின்னத் தாத்தா அதன் வழியே போகவில்லை. கடைசி வரை திருநீறும் பழைய பெயருமாகவே இருந்தார். ஆனால், பிரெஞ்சுப் பிரஜை என்ற எண்ணம் மட்டும் அவருக்கு எப்போதும் உண்டு. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று எங்கள் வீட்டார் எவ்வளவோ சொல்லியும், “பிள்ளை காரைக்காலில்தான் பிறக்கவேணும். மேரியில் பதியவேணும்” என்று நின்றார். ‘மேரி’ என்பது நகராட்சி அலுவலகம். 1947-ல் பையன் அங்கேயே பிறந்தான். மறு வருஷம் தாயும் பிள்ளையும் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள்.

சின்ன ஆச்சி ஐந்தாவதுக்கு மேல் படித்தவள் அல்ல. பிரெஞ்சை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. “பிள்ளை கற்றுக்கொண்டான், அவனோடு நானும் கற்றுக்கொண்டேன்” என்பாள். அடுத்த வீட்டுக் குழந்தைகளோடு விளையாடிவிட்டு அவன் ஒவ்வொரு வார்த்தையாக வீட்டுக்குக் கொண்டு வருவான். பால் ‘லே’, தண்ணீர் ‘ஓ’, உப்பு ‘சேல்’. அவள் முதலில் கற்ற வார்த்தை ‘அன்கோர்’. ‘இன்னும்’ என்று அர்த்தம். ஊட்டுகிற தாய்க்கு அதைவிட அவசியமான வார்த்தை வேறென்ன இருக்கிறது?

நீ, நீங்கள் என்ற வித்தியாசம் பிரெஞ்சிலும் இருப்பது அவளுக்குப் பெரிய சந்தோஷம். ‘த்யு’ என்றால் நீ. ‘வூ’ என்றால் நீங்கள். வெள்ளைக்காரர் பலர் உள்ளூர் ஆட்களை, வயதில் மூத்தவர்களைக்கூட, ‘த்யு’ என்றே கூப்பிடுவார்களாம். பையனும் அதைப் பார்த்துக் கிழட்டு ரிக்‌ஷாக்காரரை ஒரு நாள் ‘த்யு’ என்றான். ஆச்சி காதைத் திருகிவிட்டாள். “யார் பேச்சாக இருந்தால் என்ன? பெரியவர்களை நீ என்று சொல்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது!”

1951-ல் லீவில் வந்தார்கள். பையனுக்கு நாலு வயது. அந்த ஒரு மாதக் கூத்தை எங்கள் வீட்டில் நாற்பது வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். வந்த அன்றே அவன், “பேன், பேன்” என்று அழுதானாம். என் கொள்ளுப்பாட்டி பதறிப்போய் ஈருளியை எடுத்து வந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கேட்டது ரொட்டி! அம்மாவை ‘மமாம்’ என்றான், திண்ணையில் இருந்த மாமா, “என்னடா தம்பி?” என்று எழுந்து வந்தார். எல்லாவற்றுக்கும் சிகரம் பூனை விஷயம். பிரெஞ்சில் பூனைக்கு ‘சா’ என்று பெயர். மறுநாள் காலை கொள்ளுப்பாட்டி மடியில் பூனையோடு உட்கார்ந்திருக்க, பிள்ளை எதிரே நின்று கையை நீட்டி, “சா! சா!” என்று குதித்தான். கிழவிக்கு முகம் விழுந்துவிட்டது. “என்ன பிள்ளையடி வளர்த்திருக்கிறாய்?” என்று கேட்டுவிட்டு, அன்று முழுவதும் சாப்பிடவில்லையாம்.

1954 மே மாதம் தியன் பியன் பூ வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி காரைக்காலும் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. மறு வருஷம் இவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு காரைக்கால் திரும்பினார்கள். இத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால், காகிதங்களுக்குத் தனிக் காலக்கணக்கு உண்டு. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-ந் தேதிதான் அமலுக்கு வந்தது. பிரெஞ்சு இந்தியாவில் பிறந்து, அங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் இனி இந்தியர். அப்படி வேண்டாதவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்கலாம். தகப்பனார் எழுதிக் கொடுத்தால் பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கும் அது செல்லும். பையனுக்கு அப்போது பதினைந்து.

சின்னத் தாத்தா எழுதிக் கொடுத்துவிட்டார். பென்ஷனை நினைத்தாரோ, பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்தாரோ! மேஜை மேல் கிடந்த அந்தக் காகிதத்தை ஆச்சி எடுத்துப் பார்த்தாளாம். “எனக்குத் தெரிந்த ஒரு வார்த்தைகூட அதிலே இல்லையப்பா” என்று என்னிடம் சொன்னாள். பால் இல்லை, ரொட்டி இல்லை, பூனை இல்லை. சமையலறையில் அவள் கற்ற பாஷை ஒன்று. அவளுடைய பிள்ளையைக் கொண்டுபோன பாஷை வேறொன்று.

1965-ல் அவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சீமைக்குப் போனான். அங்கேயே குடும்பமும் ஆயிற்று.

1988-ல் அவர் மனைவியோடும் நாலு வயதுப் பெண் குழந்தையோடும் வந்தார். காரைக்கால் ரயில் முந்தின வருஷமே நின்றுபோயிருந்ததால், ஆச்சியையும் அழைத்துக்கொண்டு காரில் திருவாரூருக்கு வந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. குழந்தைக்குத் தமிழ் வராது. யாரிடமும் போகாமல் தாயின் புடவைக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருந்தது. ஆச்சி ஒரு கிண்ணத்தில் பருப்புச் சோறு பிசைந்துகொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்தாள். தெருவில் போன பூனையைக் காட்டி, “சா” என்றாள். குழந்தை எட்டிப் பார்த்தது. சொம்பைத் தட்டி, “ஓ” என்றாள். குழந்தை பக்கத்தில் வந்தது. பெரியவர்கள் பேச்சு மாறலாம். நாலு வயதுக் குழந்தையின் பிரெஞ்சு நாற்பது வருஷத்தில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. நாலு கவளம் உள்ளே போனதும் வாயைத் திறந்து, “அன்கோர்” என்றது.

அவள் பிள்ளை தூணில் சாய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் திண்ணையில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். ஆச்சி அதில் ஓர் உருண்டை வைத்தாள்.