அன்னா ஓ.வின் நோய் வரலாறு: மறைக்கப்பட்டனவும் வெளியிடப்பட்டனவும்

உளச்சிகிச்சையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரு பெண்ணின் கதையிலிருந்தே தொடங்குவர். வியன்னா நகர வைத்தியர்களான யோசெப் புறொயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895ஆம் ஆண்டில் கூட்டாக வெளியிட்ட 'ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்' என்னும் நூலில் முதல் நோயாளராக இடம்பெறும் 'அன்னா ஓ.' என்பாரே அப்பெண். பேச்சின் வாயிலாக நோயைத் தணிக்கலாம் என்னும் கோட்பாட்டிற்கு மூலச்சான்றாகக் காட்டப்பட்டவர் அவர். அச்சான்று எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதை ஆராயுமிடத்து, ஒரு துறையின் ஆய்வுமுறையும் அதன் தொழிலறமும் தொடக்கத்திலேயே எத்துணைச் சிக்குண்டு கிடந்தன என்பது புலனாகும்.

1880ஆம் ஆண்டுக் கோடையில் தந்தையார் நோய்வாய்ப்பட, இருபத்தொரு வயதினரான அப்பெண் இரவு முழுவதும் விழித்திருந்து அவரைப் பராமரித்து வந்தார். அவ்வாண்டின் இறுதியில் அவரே படுக்கையில் வீழ்ந்தார். இருமல், வலப்புற அவயவங்களின் செயலிழப்பு, பார்வைக் கோளாறு என்பன தோன்றின. தாய்மொழியாகிய ஜேர்மன் நாவில் எழாது போக, ஆங்கிலத்தில் மாத்திரம் பேசினார். தந்தையார் 1881 ஏப்ரலில் மரணமடைந்தபின் நிலைமை மேலும் மோசமாயிற்று. புறொயர் மாலைதோறும் சென்று, அரைத்துயில் நிலையில் அவர் கூறுவனவற்றைப் பொறுமையோடு கேட்டார். ஒரு கோடையில் தாகமிருந்தும் பல வாரங்களாக அவரால் நீர் அருந்த முடியவில்லை. பழங்களையே உண்டு தாகந் தணித்தார். வீட்டிலிருந்த ஆங்கில மாதின் நாய் கண்ணாடிக் குவளையில் நீர் குடித்ததைக் கண்டு அருவருப்புற்ற சம்பவத்தை ஒருநாள் அறிதுயிலில் அவர் வெளியிட்டார். உடனே நீர் கேட்டு வாங்கிப் பருகினார் என்கிறது நூல். இம்முறையைப் 'பேச்சு வைத்தியம்' என்றும், வேடிக்கையாகப் 'புகைபோக்கி துடைத்தல்' என்றும் ஆங்கிலத்தில் பெயரிட்டவர் நோயாளரே என்பது மனங்கொள்ளத்தக்கது. சிகிச்சையின் தந்தை யார் என வாதிடுவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

நூலின்படி, 1882 யூன் மாதத்தில் குறிகள் யாவும் நீங்கின. பின்னர் நோயாளர் வியன்னாவை விட்டுச் சிறிது காலம் பிரயாணஞ் செய்தார். உளச்சமநிலை முற்றாகத் திரும்பக் கணிசமான காலஞ் சென்றது. அதன்பின் பூரண சுகத்துடன் வாழ்கின்றார். இவ்வளவே அவரது பிற்கால நிலைபற்றி வாசகருக்குக் கூறப்பட்டது.

நடந்ததோ வேறு. அவ்வாண்டு யூலை 12ஆந் திகதி அவர் சுவிற்சர்லாந்தின் குறொய்ஸ்லிங்கன் நகரிலுள்ள பெல்வியூ மனநோய் நிலையத்திற் சேர்க்கப்பட்டார். முகநரம்பு வலிக்காக வழங்கப்பட்ட மோர்பீன் அவரை அடிமைப்படுத்தியிருந்தது. ஒக்டோபர் இறுதிவரை அங்கிருந்தார். 1883க்கும் 1887க்குமிடையில் வியன்னாவுக்கு அண்மையிலுள்ள இன்சர்ஸ்டோர்ப் நிலையத்தில் மும்முறை தங்கவேண்டியதாயிற்று. 1883 ஓகஸ்டில் பிராய்ட் தமது வருங்கால மனைவிக்கு எழுதிய கடிதமொன்றில், துன்பத்தினின்று விடுதலை பெறுமாறு அப்பெண் இறந்துவிடின் நன்றெனப் புறொயர் கூறியதாகக் குறிப்பிட்டுள்ளார். ஆகவே, நூலாசிரியர் இருவரும் உண்மையை அறிந்திருந்தனர். 1895இல் அவர் நலமாயிருந்தமையால், கணிசமான காலஞ் சென்றது என்னும் வாக்கியத்தைப் பொய்யென்று கூறிவிட முடியாது. ஆயினும் மருந்தடிமையும் நான்கு முறை நிலையங்களிற் சேர்க்கப்பட்டமையும் அந்த ஒரு வாக்கியத்துள் மறைந்துபோயின. ஒரு புதுமுறையின் பெறுபேற்றை மதிப்பிட விழையும் வைத்தியருக்கு இன்றியமையாத செய்தி அதுவே.

இரகசியம் காக்கும் பொருட்டே இவை விடப்பட்டன எனச் சமாதானங் கூறலாம். தமது நோயாளர்கள் கற்ற வகுப்பினராதலால், அவர்களை அறிந்தோர் அடையாளங் காணக்கூடுமென்றும், அது நம்பிக்கைத் துரோகமாகுமென்றும் ஆசிரியர்கள் முகவுரையிலேயே கூறினர். பெயரின் முதலெழுத்துக்களை நெடுங்கணக்கில் ஒவ்வோர் எழுத்துப் பின்தள்ளி, பி.பி. என்பதை ஏ.ஓ. ஆக்கினர். ஆனால் தந்தையின் நோய், மரணம், ஆங்கிலப் பேச்சு ஆகியன அப்படியே அச்சேறின. குடும்பத்தை அறிந்தவருக்கு இவை போதும். பெல்வியூவின் பெயரைக் கூறாமலே நோயின் தொடர்ச்சியைக் கூறியிருக்கலாம். அதனால் எவரும் காட்டிக்கொடுக்கப்பட்டிரார். மூடுதிரை நோயாளரைக் காத்ததிலும் சிகிச்சையின் புகழையே பெரிதுங் காத்தது எனல் தவறாகாது.

1888இல் தாயாருடன் பிராங்க்பேட் சென்ற அவர், அநாதைப் பெண்கள் இல்லமொன்றை நடத்தினார். மேரி வுல்ஸ்டன்கிராப்ட் எழுதிய பெண்ணுரிமை நூலை 1899இல் ஜேர்மனில் பெயர்த்தார். 1904இல் யூத மகளிர் சங்கத்தை நிறுவினார். பெண்களை விபசாரத்துக்காக விற்கும் வாணிபத்தை எதிர்த்துப் பல நாடுகளிற் சுற்றினார். 1907இல் நொய்-இசன்பேர்க்கில் கைவிடப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லம் அமைத்தார். 1936 மே 28இல் காலமானார். அவர் அமைத்த இல்லம் 1938 நவம்பர் வன்செயலின்போது தீக்கிரையாயிற்று.

பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் அப்பெயரை அன்னா ஓ.வுடன் பகிரங்கமாக இணைத்தவர் ஏர்ணஸ்ற் ஜோன்ஸ். 1953இல் வெளிவந்த பிராய்ட் வாழ்க்கை வரலாற்றின் முதற்பாகத்தில் அவர் இதனைச் செய்தார். அத்தோடு நில்லாது, நோயாளர் புறொயரால் கருவுற்றதாக எண்ணிப் பொய்ப் பிரசவ வேதனைப்பட்டார் என்றும், அஞ்சிய புறொயர் மனைவியுடன் வெனிசுக்கு ஓட, அங்கு ஒரு மகள் கருவில் உருவானாள் என்றும் எழுதினார். அம்மகள் பிறந்தது 1882 மார்ச்சில். சிகிச்சை முடிந்ததோ யூனில்! பெயர் வெளியிடப்பட்டமையைப் பாப்பன்ஹைமின் நெருங்கியோர் கண்டித்தனர். மறு ஆண்டில் மேற்கு ஜேர்மனி அவருடைய உருவத்தைத் தாங்கிய தபால் முத்திரையை வெளியிட்டது. சமூகசேவைக்கு முத்திரையும் இளமைக்கால நோய்க்கு வம்பும் ஓராண்டு இடைவெளியில் அவரை வந்தடைந்தன.

ஹென்றி எல்லன்பேர்கர் 1972இல் வெளியிட்ட ஆய்வு இக்கதைகளை உடைத்தது. அவர் பற்றிக்கொண்ட நூலிழை ஒரு புகைப்படம். 1882ஆம் ஆண்டுக்குரிய அதில் மங்கியிருந்த கொன்ஸ்ரன்ஸ் நகரப் புகைப்படக்காரரின் பெயரை விசேட ஒளியின் உதவியால் வாசித்து, அண்மையிலுள்ள பெல்வியூவை ஊகித்து, அங்கு புறொயரின் அறிக்கையின் பிரதியைக் கண்டெடுத்தார். 1978இல் அல்பிரெக்ற் ஹிர்ஷ்முல்லர் மேலும் பல ஆவணங்களைச் சேர்த்தார். நோயாளரின் சம்மதமின்றி அவர் வைத்தியக் கோவையைத் திறந்தவர்கள் இவர்களுந்தாம் அல்லவா என்ற வினா எழாமலில்லை. ஆயினும் பெயர் ஏலவே அம்பலமாகி, அவதூறும் பரவியபின், கோவையை மூடிவைத்தல் அவதூற்றையே காத்திருக்கும். ஜோன்ஸ் பெயரை வெளியிட்டமைக்கு அத்தகைய நியாயம் எதுவுமில்லை.

பாப்பன்ஹைமோ தமது வாழ்வின் அப்பகுதியைப் பற்றிப் பேசியதேயில்லை என அவரது வாழ்க்கையை எழுதிய டோரா எடிங்கர் கூறுகின்றார். தம் பராமரிப்பிலிருந்த பெண்களை உளப்பகுப்பு வைத்தியத்திற்கு உட்படுத்தலாமென எவரேனும் யோசனை கூறியபோதெல்லாம், அவர் அதனை வன்மையாக மறுத்து வந்தார்.