நோயாளியின் ரகசியம் கசிந்தால் நஷ்ட ஈடு யாருக்கு?

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். வக்கீலிடம் போகாமலே வாழ்ந்து முடிப்பவர்கள் உண்டு. டாக்டரிடம் போகாதவர் யார்? வீட்டில் மனைவிக்கோ கணவனுக்கோ தெரியாத விஷயத்தைக் கூட டாக்டரிடம் சொல்லிவிடுகிறோம். அது ஃபைலில் ஏறுகிறது, ஃபைலிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கிருந்து வெளியே கசிந்துவிட்டால்? நோயாளி யாரைக் கேட்பது, என்ன கேட்பது? இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் முப்பது வருடங்களாகப் பதில் தேடி வருகிறது. ஒரு கதவு திறந்தால் இன்னொரு கதவு மூடிக்கொள்கிறது என்பதுதான் இந்த வரலாற்றின் சுருக்கம்.

முதல் கதவு 1995 நவம்பரில் திறந்தது. இந்திய மருத்துவ சங்கத்துக்கும் வி.பி.சாந்தா என்பவருக்கும் இடையிலான வழக்கில், கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு 'சேவை'தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு நோயாளி ஒரு நுகர்வோர் ஆனார். ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இதில் சேராது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்த விதிவிலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வந்தது ரகசியம் பற்றிய வழக்கு. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் உறவினரின் ஆபரேஷனுக்காக ரத்தம் கொடுக்க முன்வந்தார் ஒருவர். பரிசோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. விஷயம் வெளியே போய், நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. ஊரில் தலைகாட்ட முடியாமல் அவர் சென்னைக்கே வந்துவிட்டார். நஷ்ட ஈடு கேட்டு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனபோது, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1998ல் தீர்ப்பு வந்தது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமைதான், ஆனால் மணப்பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்னும்போது அந்தக் கடமை விலகிவிடும் என்றது நீதிமன்றம். அவருக்கு நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. அவருடைய திருமண உரிமை பற்றி அந்தத் தீர்ப்பில் சொன்ன கருத்துக்கள் தேவையற்றவை என்று 2002ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. எச்.ஐ.வி. பற்றிய தகவலை யாரிடம், எப்படிச் சொல்லலாம் என்று தனிச் சட்டம் வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் ரகசியம் ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போனது. கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒரே இரவில் லட்சம் பேருடைய ஃபைல் போகலாம். 2000ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இதற்கு நேரடியான பதில் இல்லை. 2008ல் திருத்தம் செய்து 43ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நுட்பமான தகவலை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் பாதுகாப்பில் அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால், அவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். எது நுட்பமான தகவல் என்று 2011ல் விதிகள் வந்தன. உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவேடு எல்லாம் அதில் உண்டு. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே விசாரிக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நஷ்டத்தைக் காட்ட வேண்டுமே! வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் பாஸ்புக்கைக் காட்டலாம். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவது ஆபீஸில் தெரிந்துபோய் ஒருவருடைய மானம் போனால், அதற்கு எந்த பில்லைக் காட்டுவது?

இன்னொரு ஓட்டையும் இருந்தது. 43ஏ லாபத்துக்கோ தொழிலுக்கோ இயங்கும் நிறுவனங்களைப் பற்றித்தான் பேசியது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு முடங்கின. ஏறக்குறைய இரண்டு வாரம் பேனாவும் பேப்பருமாக வேலை நடந்தது. அரசு மருத்துவமனையும் இந்த ஆபத்துக்கு வெளியே இல்லை என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் இலவச சிகிச்சை பெறும் ஏழைக்கு, 1995 தீர்ப்பின் விதிவிலக்கால் நுகர்வோர் கதவும் இல்லை. மிஞ்சியது அரசியல் சட்டம்தான். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு மருத்துவமனை அதை மீறினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தினக்கூலிக்காரர் எத்தனை பேர் போடுவார்கள்?

2019ல் புதிய நுகர்வோர் சட்டம் வந்தது. நம்பிக்கையில் கொடுத்த சொந்தத் தகவலை, சட்டம் அனுமதிக்காத முறையில் பிறருக்குத் தருவதே 'முறையற்ற வணிகம்' என்று அதில் எழுதினார்கள். நோயாளி தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

கடைசியாக 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம். அரசு மருத்துவமனைக்கும் கடமை உண்டு. ஆனால் அந்த அபராதம் யாருக்குப் போகும்? இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. நோயாளிக்கு ஒரு ரூபாய் தரும் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. போதாததற்கு 43ஏ பிரிவையே நீக்கவும் இது வகை செய்கிறது. 2025 நவம்பரில் வந்த அறிவிக்கையின்படி, முக்கியப் பிரிவுகளும் இந்த நீக்கமும் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வர வேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் எழுதினால், நஷ்டம் நோயாளியின் பக்கம், வரவு அரசாங்கத்தின் பக்கம். பெரிய அபராதத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் ஒழுங்காக இருக்கும் என்று சொல்லலாம். அது நாளைய நோயாளிக்கு நல்லதுதான். ஏற்கெனவே ரகசியம் போனவருக்கு என்ன பதில்?

இப்போதைக்கு நோயாளி செய்யக்கூடியது, மருத்துவமனையிலிருந்து வந்த கடிதம், குறுஞ்செய்தி, கட்டிய பில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்வது. மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002ன் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தகவலை வைத்து யாராவது பணம் பறித்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

1998ல் வெறுங்கையோடு திரும்பியவருக்கு, ரகசியம் என்பது கடமை என்ற வார்த்தையாவது கிடைத்தது. அந்த வார்த்தைக்கு ஒரு விலை உண்டு என்று சட்டம் சொல்லும் நாள் இன்னும் வரவில்லை.