32 ஆண்டு சர்வாதிகாரத்தில் இருந்து இந்தோனேசியா மீண்டது எப்படி? இப்போது மறுபடியும் ஏன் பயம்?

2025 நவம்பர் 10. இந்தோனேசியாவில் வீரர்கள் தினம். ஜகார்த்தாவில் உள்ள அதிபர் மாளிகையில் 10 பேருக்கு 'தேசிய வீரர்' பட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் 3 பெயர்களைப் பார்த்துத்தான் பலரும் திகைத்துப் போனார்கள்.

ஒருவர், நாட்டை 32 ஆண்டுகள் ஆண்ட சுகார்த்தோ. இன்னொருவர், அவருடைய ஆட்சியில் கூலி உயர்வு கேட்டுப் போராடி 1993-ல் கொல்லப்பட்ட தொழிற்சாலை ஊழியர் மார்சினா. மூன்றாவது, சுகார்த்தோவை விமர்சித்து வந்து பின்னாளில் அதிபரான அப்துர்ரஹ்மான் வாஹித். அடக்கியவரும் அடக்கப்பட்டவரும் ஒரே பட்டியலில்!

பட்டம் கொடுத்தவர் அதிபர் பிரபோவோ சுபியாந்தோ. சுகார்த்தோவின் முன்னாள் மருமகன்.

1998-ல் மக்கள் போராட்டத்தில் வீழ்ந்த ஒருவர் 27 ஆண்டுகளில் எப்படி 'வீரர்' ஆனார்? இடையில் அந்த நாடு எதைச் சாதித்தது, எங்கே சறுக்கியது? விரிவாகப் பார்க்கலாம்.

சுகார்த்தோ ஆட்சி எப்படி இருந்தது?

1965-66-ல் கம்யூனிஸ்டுகள் என்று குற்றம்சாட்டி லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். பலியானோர் 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த ரத்தக்களரிக்கு நடுவேதான் ராணுவ ஜெனரல் சுகார்த்தோ அதிகாரத்தைக் கைப்பற்றினார். தன் ஆட்சிக்கு அவர் வைத்த பெயர் 'புதிய ஒழுங்கு'.

தேர்தல் நடக்காமல் இல்லை. 5 ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது. ஆனால் 3 கட்சிகளுக்குத்தான் அனுமதி. அரசு ஊழியர்கள் எல்லாம் ஆளும் கோல்கர் அமைப்புக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. 1997 தேர்தலில் கோல்கர் வாங்கிய ஓட்டு சுமார் 74%. நாடாளுமன்றத்தில் ராணுவத்துக்குத் தனி இடங்கள் இருந்தன. பிடிக்காததை எழுதினால் பத்திரிகைக்குப் பூட்டு. 'டெம்போ' வார இதழ் 1994-ல் அப்படித்தான் மூடப்பட்டது.

அப்படியென்றால் மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? காரணம், பொருளாதாரம். விவசாயம் முன்னேறியது, 1984-ல் அரிசியில் தன்னிறைவு வந்தது, வறுமை பெருமளவு குறைந்தது. 'வாய் திறக்காதே, வயிறு நிறையும்' என்பதுதான் சொல்லப்படாத ஒப்பந்தம்.

ஆனால் லாபம் போன இடம் வேறு. கிராம்பு வியாபாரத்தின் ஏகபோகம் சுகார்த்தோவின் கடைசி மகன் டோமியின் கையில் இருந்தது. சுங்கச் சாலைகள் மூத்த மகளிடம். 1988-ல் வங்கி தொடங்கும் விதிகள் தளர்த்தப்பட்டதும் புதிய வங்கிகள் முளைத்து, மொத்த எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. பல வங்கிகள் மக்கள் போட்ட பணத்தை முதலாளியின் சொந்த நிறுவனங்களுக்கே கடனாகக் கொடுத்தன.

எல்லாம் எப்படிச் சரிந்தது?

1997 ஜூலை 2-ல் தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் மதிப்பைக் காப்பாற்ற முடியாமல் கைவிட்டது. அந்த அதிர்ச்சி அடுத்து இந்தோனேசியாவைத் தாக்கியது. ஒரு டாலருக்கு சுமார் 2,400 என்றிருந்த ரூபியா, 1998-ல் 15,000-ஐத் தாண்டிப் போனது. டாலரில் கடன் வாங்கிய நிறுவனங்கள் ஒரே அடியில் திவால்.

ஐ.எம்.எஃப் எனப்படும் சர்வதேச நாணய நிதியத்திடம் அரசு கை நீட்டியது. நிபந்தனைப்படி 1997 நவம்பர் 1-ல் 16 வங்கிகள் மூடப்பட்டன. அப்போது முழுமையான வைப்புத்தொகை காப்பீடு கிடையாது. 'அடுத்து நம்ம வங்கியா?' என்ற பீதியில் மக்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். நல்ல வங்கிகளும் ஆட்டம் கண்டன.

1998 ஜனவரி 15-ல் எடுக்கப்பட்ட ஒரு போட்டோ இன்றும் பேசப்படுகிறது. குனிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார் சுகார்த்தோ. பக்கத்தில் கைகட்டி நின்று பார்க்கிறார் ஐ.எம்.எஃப் தலைவர் மிஷேல் கேம்டெசு. பல இந்தோனேசியர்களுக்கு அது நாடே தலைகுனிந்த காட்சி.

மே 4-ல் பெட்ரோல் விலை சுமார் 70% ஏற்றப்பட்டது. ஏழைகளுக்கு ஈடாக எதுவும் தரவில்லை. மே 12-ல் ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழகத்தில் 4 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த நாட்களில் நடந்த கலவரத்தில் 1,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சீன வம்சாவளியினரின் கடைகளும் வீடுகளும் குறிவைத்துத் தாக்கப்பட்டன. சீன வம்சாவளிப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள்.

மே 18-ல் மாணவர்கள் நாடாளுமன்ற வளாகத்துக்குள் புகுந்து கூரை மேலேயே ஏறிவிட்டார்கள். மே 21-ல் சுகார்த்தோ ராஜினாமா செய்தார்.

அடுத்து வந்தவர் என்ன செய்தார்?

துணை அதிபர் ஹபிபி அதிபரானார். சுகார்த்தோவின் செல்லப்பிள்ளை என்று பெயர் எடுத்தவர். 'இவரா மாற்றப் போகிறார்?' என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 17 மாதங்களில் அவர் திறந்துவிட்ட கதவுகள் ஏராளம்.

அரசியல் கைதிகள் விடுதலை செய்யப்பட்டனர். பத்திரிகை நடத்த அரசு உரிமம் தேவையில்லை என்று 1999-ல் சட்டம் வந்தது. மத்திய வங்கிக்குத் தன்னாட்சி கிடைத்தது. ஏகபோகத்துக்கு எதிரான சட்டமும் வந்தது. 1999 ஜூன் 7-ல் நடந்த தேர்தலில் 48 கட்சிகள் போட்டியிட்டன. கிழக்கு திமோரில் பொது வாக்கெடுப்பு நடத்தவும் ஒப்புக்கொண்டார். அங்கே 78.5% பேர் விடுதலைக்கு வாக்களித்தனர். அதையொட்டி ராணுவ ஆதரவு கும்பல்கள் அங்கே நடத்திய வெறியாட்டம் ஹபிபிக்குக் கெட்ட பெயரானது. மக்கள் பேரவை அவருடைய ஆட்சி அறிக்கையை நிராகரித்ததும் போட்டியில் இருந்தே விலகிக்கொண்டார்.

'தோற்றால் வீட்டுக்குப் போகணும்' என்ற பழக்கம் அங்கே தொடங்கியது.

விதிகள் எப்படி மாறின?

அடுத்து அதிபரான வாஹித் 2001-ல் பதவி நீக்கப்பட்டு, மேகவதி சுகர்ணோபுத்திரி வந்தார். மேலே இவ்வளவு குழப்பம் நடந்தாலும் கீழே அடித்தள வேலை நிற்கவில்லை. 1999 முதல் 2002 வரை அரசியல் சாசனம் 4 முறை திருத்தப்பட்டது. முக்கியமான மாற்றங்கள் இவை:

• ஒருவர் அதிகபட்சம் 2 முறைதான், அதாவது 10 ஆண்டுகள்தான் அதிபராக இருக்கலாம்.
• அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள்.
• தனி அரசியல் சாசன நீதிமன்றம் அமைக்கப்படும்.
• நாடாளுமன்றத்தில் ராணுவ இடங்கள் 75-ல் இருந்து 1999-ல் 38 ஆகி, 2004-ல் பூஜ்யமானது.
• காவல்துறை ராணுவத்தில் இருந்து பிரிக்கப்பட்டது.

இன்னொரு பெரிய மாற்றம் அதிகாரப் பரவலாக்கம். எல்லாவற்றுக்கும் ஜகார்த்தாவைப் பார்த்துக் காத்திருந்த மாவட்டங்களுக்கு 2001 ஜனவரி 1 முதல் நிதியும் அதிகாரமும் போனது. 2005 முதல் மேயர், ஆளுநரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஆண்டு சோலோ நகர மேயராக வென்றவர் ஒரு மரச்சாமான் வியாபாரி, ஜோகோ விடோடோ. ராணுவப் பின்னணியோ பெரிய குடும்பமோ இல்லாத அவர், 2014-ல் அதிபரே ஆனார். பழைய ஆட்சியில் இப்படி ஒருவர் மேலே வருவது நினைத்துப் பார்க்கவே முடியாதது.

பொருளாதாரம் எப்படி நிமிர்ந்தது?

1998-ல் மட்டும் பொருளாதாரம் சுமார் 13% சுருங்கியது. விலைவாசி ஓராண்டில் 70%-க்கும் மேல் ஏறியது. வங்கிகளைக் காப்பாற்ற ஆன மொத்தச் செலவு நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறக்குறைய பாதி. கடன் வாங்கி ஏப்பம் விட்டவர்கள் முதலாளிகள், பல ஆண்டுகள் வட்டி கட்டியது மக்களின் வரிப்பணம். இந்தக் கோபம் இன்றும் இருக்கிறது.

சீர்திருத்தம் படிப்படியாக நடந்தது. 4 அரசு வங்கிகளை இணைத்து 'பேங்க் மண்டிரி' உருவானது. பட்ஜெட் பற்றாக்குறை உற்பத்தியில் 3%-ஐத் தாண்டக் கூடாது, கடன் 60%-ஐத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 2003 முதல் வந்தது. வைப்புத்தொகைக்குக் காப்பீடு கிடைத்தது. ஐ.எம்.எஃப் கடனை 2006-லேயே, கெடுவுக்கு முன்பாக அடைத்துவிட்டார்கள். 2009-ல் உலகமே தள்ளாடியபோதும் இந்தோனேசியா 4%-க்கு மேல் வளர்ந்தது.

2018 மார்ச்சில் வறுமை விகிதம் 9.82%. முதல்முறையாக ஒற்றை இலக்கம்!

ஒரே பெட்ரோல் விலை, இரண்டு முடிவு ஏன்?

மேலே இருப்பதை எல்லாம் ஒரே உதாரணத்தில் புரிந்துகொள்ளலாம்.

1998 மே மாதம் பெட்ரோல் விலையை ஏற்றினார் சுகார்த்தோ. 17 நாளில் பதவி போனது.

2005 அக்டோபரில் அதே வேலையைச் செய்தார், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் சுசிலோ பம்பாங் யுதயோனோ. லிட்டர் 2,400 ரூபியாவில் இருந்து 4,500 ரூபியா. ஏறக்குறைய இருமடங்கு. போராட்டம் நடந்தது, ஆனால் ஆட்சி கவிழவில்லை. 2009-ல் சுமார் 60% வாக்குகளுடன் மறுபடியும் ஜெயித்தார்.

எப்படி? மானியத்தில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை சுமார் 1.9 கோடி ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 1 லட்சம் ரூபியா வீதம் நேரடியாகக் கொடுத்தார். தபால் நிலையங்களில் வரிசையில் நின்று வாங்கினார்கள். பட்டியலில் குளறுபடி, விடுபட்ட பெயர்கள் என்று புகார்கள் இருந்தன. ஆனால் அந்தப் புகாரைப் பத்திரிகையில் எழுத முடிந்தது, நாடாளுமன்றத்தில் கேட்க முடிந்தது. பிடிக்காவிட்டால் 2009-ல் மாற்றிவிடலாம் என்ற வழியும் இருந்தது.

சிம்பிளாகச் சொன்னால், கசப்பு மருந்தை யார் கொடுக்கிறார், ஏன் என்று சொல்கிறாரா, நாளைக்கு அவரைக் கேள்வி கேட்க முடியுமா என்பதுதான் வித்தியாசம்.

இதே காலத்தில் இன்னொரு பெரிய முடிச்சும் அவிழ்ந்தது. 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்தையும் உலுக்கிய அதே சுனாமி, ஆச்சே மாகாணத்தைச் சிதைத்தது. பல ஆண்டுகளாகத் தனிநாடு கேட்டுப் போராடிய கிளர்ச்சியாளர்களும் அரசும் 2005 ஆகஸ்ட் 15-ல் ஹெல்சின்கியில் சமாதான ஒப்பந்தம் போட்டனர். கிளர்ச்சித் தளபதிகள் பின்னர் தேர்தலில் நின்றார்கள்.

ஊழல் ஒழிந்ததா?

1998 மாணவர்களின் முக்கிய கோஷம் 'ஊழல், கூட்டுக் கொள்ளை, சொந்தபந்த ஆட்சி ஒழிக' என்பது. அதற்காகவே 2003-ல் கே.பி.கே என்ற ஊழல் ஒழிப்பு ஆணையம் செயல்படத் தொடங்கியது. அது யாரையும் விட்டுவைக்கவில்லை. யுதயோனோ அதிபராக இருந்தபோதே அவருடைய சம்பந்தி சிறைக்குப் போனார். நாடாளுமன்ற சபாநாயகராக இருந்த செத்யா நொவாந்தோவுக்கு 2018-ல் 15 ஆண்டு சிறை.

பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது. மாட்டிக்கொண்டவர்களும் மாட்டிக்கொள்ளும் பயத்தில் இருந்தவர்களும்தான் சட்டம் போடும் இடத்தில் இருந்தார்கள். 2019 செப்டம்பரில் கே.பி.கே-வின் சுதந்திரத்தைக் குறைக்கும் திருத்தம் நிறைவேறியது. மாணவர்கள் தெருவில் இறங்கியும் நிற்கவில்லை.

சுகார்த்தோ மீது ஊழல் வழக்கு தொடுக்கப்பட்டது. உடல்நிலையைக் காட்டி விசாரணை நிறுத்தப்பட்டது. 2008-ல் இறக்கும் வரை அவர் தண்டிக்கப்படவே இல்லை.

இப்போது ஏன் பயம்?

2023 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் வேட்பாளர் வயது விதியைத் தளர்த்தியது. அதனால் 36 வயதான கிப்ரான் துணை அதிபர் தேர்தலில் நிற்க முடிந்தது. கிப்ரான் அப்போதைய அதிபர் விடோடோவின் மகன். தீர்ப்பு சொன்ன தலைமை நீதிபதி விடோடோவின் மைத்துனர். நெறிமுறைக் குழு பிறகு அவரைத் தலைமைப் பொறுப்பில் இருந்து நீக்கியது, ஆனால் தீர்ப்பு நின்றது. சீர்திருத்தத்தால் மேலே வந்தவரின் குடும்பமே அந்தச் சீர்திருத்தத்தை வளைத்தது என்ற விமர்சனம் எழுந்தது.

2024 பிப்ரவரி தேர்தலில் பிரபோவோ-கிப்ரான் ஜோடி சுமார் 58% வாக்குகளுடன் வென்றது. 1998-ல் செயற்பாட்டாளர்கள் கடத்தப்பட்ட விவகாரத்தில் ராணுவத்தில் இருந்து அனுப்பப்பட்டவர் பிரபோவோ. நீதிமன்றத்தில் அவர் மீது விசாரணை நடந்ததில்லை.

2025 மார்ச்சில், பணியில் உள்ள ராணுவ அதிகாரிகள் கூடுதலான சிவில் பதவிகளில் அமர வழிசெய்யும் சட்டத் திருத்தம் வந்தது. ஆகஸ்டில், எம்.பி.க்களுக்கு வீட்டு அலவன்ஸ் மட்டும் மாதம் 5 கோடி ரூபியா என்ற செய்தி வெடித்தது. ஜகார்த்தாவின் குறைந்தபட்ச மாத ஊதியத்தைப் போல இது சுமார் 10 மடங்கு. போராட்டத்தின்போது பைக் டாக்ஸி ஓட்டும் இளைஞர் ஒருவர் போலீஸ் கவச வாகனம் ஏறி உயிரிழக்க, பல நகரங்கள் கொந்தளித்தன. கடைசியில் அந்த அலவன்ஸ் வாபஸ் ஆனது.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு முறை அமைதியாக ஆட்சி கைமாறினால் ஜனநாயகம் வேர் பிடித்துவிட்டது என்பது அமெரிக்க அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் சொன்ன அளவுகோல். அதன்படி இந்தோனேசியா எப்போதோ பாஸ். 2004-ல் மேகவதி தோற்று விலகினார். 2014-ல் யுதயோனோ கெடு முடிந்து விலகினார்.

ஆனால் நடந்ததைப் பார்த்தால், வேர் பிடித்த மரத்துக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த அதிபர் தேர்தல் 2029-ல். அதற்குள் 3 விஷயங்கள் முக்கியம்: 2 முறைக்கு மேல் பதவி இல்லை என்ற விதி நிற்கிறதா, ராணுவம் முகாமுக்குள் இருக்கிறதா, பற்றாக்குறைக்கான 3% கட்டுப்பாடு தாக்குப்பிடிக்கிறதா?

நம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. 2014-ல் மேயர், ஆளுநர் நேரடித் தேர்தலை நாடாளுமன்றம் ரத்து செய்தபோது, மக்கள் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அது திரும்பி வந்தது. 2024 ஆகஸ்டில் உள்ளாட்சித் தேர்தல் விதியை மாற்றப் பார்த்த முயற்சியும் தெருப் போராட்டத்தால் கைவிடப்பட்டது. அந்தத் தெருக்களில் நின்ற மாணவர்களில் பெரும்பாலானோர் 1998-க்குப் பிறகு பிறந்தவர்கள். சுகார்த்தோ ஆட்சியை அவர்கள் பார்த்ததே இல்லை.