திருட்டு மது விற்பனை: புகார் முதல் வழக்கு வரை

டாஸ்மாக் கடைகளை அரசே நடத்துவதால் மதுவிலக்குச் சட்டம் இல்லாமல் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமலில் உள்ளது. உரிமம் இல்லாமல் மதுவைக் காய்ச்சுவதும் பதுக்குவதும் விற்பதும் அதன்படி குற்றம். கடை திறக்கும் பகல் 12 மணிக்கு முன்பும், மூடும் இரவு 10 மணிக்குப் பிறகும் தெருவில் பாட்டில் விற்பவரும் இதில் அடக்கம்.

சிவகாசி வட்டாரத்துக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. போதையில் இருப்பவர் வெடிபொருளைக் கையாள 2008 வெடிபொருள் விதிகள் தடை விதிக்கின்றன. காலையில் திருட்டுத்தனமாக விற்கும் பாட்டில், பட்டாசு ஆலையில் பக்கத்தில் இருப்பவர் உயிருக்கும் ஆபத்து.

புகார்: காவல் நிலையத்திலோ மதுவிலக்கு அமலாக்கப் பிரிவிலோ தரலாம். 10581 என்ற இலவச எண்ணும் உண்டு. இடம், நேரம், விற்கும் முறை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் தகவல் மட்டும் தரலாம். போலீஸார் சோதனையிட்டுத் தாங்களே வழக்குப் பதியலாம்.

எஃப்.ஐ.ஆர்.: 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி பதிவாகும். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும். நகல் இலவசம்.

பதிய மறுத்தால்: மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால், பிரமாணப் பத்திரத்துடன் குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம். 175(3) பிரிவின்கீழ் விசாரணைக்கு அவர் உத்தரவிடலாம்.

பறிமுதல்: சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பது இப்போது கட்டாயம் (பிரிவு 105). மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். அந்த அறிக்கைதான் வழக்கின் முதுகெலும்பு.

கைது: காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை தவறாகச் சிக்கினாலும் இந்த உரிமைகள் அவனுக்கும் உண்டு. யார் கேட்டாலும் ரசீது இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

கால வரம்பு: ஓராண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றத்தை ஓராண்டுக்குள்ளும், மூன்றாண்டு வரை உள்ளதை மூன்றாண்டுக்குள்ளும் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டும். புகார் கொடுத்ததோடு விட்டுவிடாமல் குற்றப்பத்திரிகை தாக்கலானதா என்று கேளுங்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் வந்த திருத்தம், உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் ரூ.10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்துள்ளது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. தனியாகப் போக அஞ்சும் பெண்கள், ஜமாஅத்தாரையோ தெருவாசிகளையோ சேர்த்துக் கூட்டாக மனுக் கொடுப்பது நல்லது.